ஜப்தியில் இருந்த குரல்

என் அம்மாவின் அப்பா, முன்சீப் கோர்ட்டில் டவாலியாக இருந்தார். மார்பின் குறுக்கே சிவப்புப் பட்டையைப் போட்டுக்கொண்டு கோர்ட்டு வாசலில் நின்று, வழக்குக்கு வந்தவர்களின் பெயரை மூன்று முறை கூப்பிடுவதுதான் அவருக்கு முக்கியமான வேலை. வேப்பூரிலிருந்தும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள் எதிரே டீக்கடையில் இருப்பார்கள், புளியமரத்து நிழலில் கண்ணயர்ந்திருப்பார்கள். தாத்தா ஒரு குரல் கொடுத்தால் அத்தனை பேரும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிடுவார்கள். எழுபதுகளில் அவர் இறந்தபோது துக்கத்துக்கு வந்த நல்லூர்க்காரர் ஒருவர், "கேசு தோத்துப்போச்சும்மா. ஆனா ஊரே கேக்குறாப்ல எம்பேரைச் சொன்னது இவரு ஒருத்தருதான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கோர்ட்டை அவர் கழற்றி வைத்துவிட்டு வரமாட்டார், எங்களோடு இருந்த வீட்டுக்கும் கொண்டு வந்துவிடுவார். அம்மா புளி வாங்கிவரச் சொன்னால் வாய்தா கேட்பார். பால் குறைந்திருந்தால் பூனையைப் பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிடுவார், அது வந்து நின்றால் சாட்சிக்கூண்டு என்று முறத்தின் மேல் தூக்கி வைப்பார். அப்பா வேலை செய்த பீங்கான் பட்டறையில் சூளையிலிருந்து எடுக்கும்போதே மூக்கு போன பொம்மைகள், காது உடைந்த கோப்பைகள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். அந்த மொட்டைப் பொம்மைகள்தான் எங்களுக்குத் தாயக்காய்கள். தாயம் ஆடும்போது எனக்காகத் தோற்பதில் தாத்தாவை மிஞ்ச ஆள் கிடையாது. வயதுக்குத் தகுந்த அடக்கமே இல்லாத மனிதர் என்று உறவில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை.

அறுபதுகளின் நடுவில், நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வயதை எட்டிக்கொண்டிருந்தபோது, மணிமுத்தாற்றில் புதுத்தண்ணீர் வந்தது. வறண்டு கிடந்த மணலில் செம்பழுப்பாக நுரை தள்ளிக்கொண்டு வரும் அந்தத் தண்ணீரைப் பார்க்க ஊரே கரையில் நிற்கும். தாத்தாவுக்கு நின்று பார்க்கத் தெரியாது. என்னைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவு இறங்கி, இருட்டும் வரை ஆடவிட்டுத்தான் கூட்டிவந்தார். அடுத்த நாள் எனக்குக் காய்ச்சல் கண்டது. நாள் கணக்காக அடித்தது. உடம்பு தேறி எழுந்து உட்கார்ந்தபோது எனக்குப் பேச்சு இல்லை.

டாக்டர் நாக்கைப் பார்த்தார், காதைப் பார்த்தார், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றும் சொன்னார். அம்மா நாள் முழுக்க என் எதிரில் உட்கார்ந்து "அம்மான்னு சொல்லு" என்று கெஞ்சுவாள். வாயைத் திறப்பேன், காற்றுதான் வரும். ஜூனில் ஸ்கூல் திறந்துவிடும். பேசாத பிள்ளையை எந்த ஸ்கூலில் சேர்ப்பது என்ற பயம் அம்மாவைத் தின்றது. ஒருநாள் சோறு போடும்போது, தட்டைப் பார்த்தபடியே தாத்தாவிடம் சொல்லிவிட்டாள்.

"ஒங்க வெளையாட்டுலதாம்ப்பா எம்பொண்ணுக்கு வாய் போயிட்டுது."

தாத்தா சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, ஒரு முழுத்தாள் எடுத்து எழுத உட்கார்ந்தாராம்.

எங்கள் பக்கத்தில் அநியாயம் நடந்தால் இரண்டு இடத்தில் வழக்குப் போடலாம். ஒன்று முன்சீப் கோர்ட்டு. மற்றது மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். திருட்டோ, பாகச்சண்டையோ, தீராத நோயோ, எதுவானாலும் தாளில் பிராது எழுதிச் சாமி காலடியில் வைத்து, விபூதியோடு பொட்டலமாக்கி, அங்கேயே முனியப்பர் சன்னிதி எதிரில் இருக்கும் வேலில் கட்டிவிட்டு வரவேண்டும். காரியம் முடிந்ததும் கட்டினவரே வந்து ராஜினாமா செய்யவேண்டும், அதாவது பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவேண்டும். அதுவரை வழக்கு நடந்துகொண்டிருப்பதாக அர்த்தம்.

அடுத்த நாள் காலையில் தாத்தா அம்மாவையும் என்னையும் அங்கே கூட்டிப்போனார். தாளை வாங்கிப் படித்த குருக்கள் பாதியில் நிறுத்தினார்.

"பிராது குடுக்கறதும் நீங்க. எதிரின்னு எழுதியிருக்கறதும் உங்க பேராவே இருக்கே?"

"ஆமாங்க சாமி. தப்பு பண்ணவன் நாந்தான். வேற யாரை எழுதறது?"

குழந்தை பேசும் வரை எதிரியின் குரலை ஜப்தி செய்து தேவரீர் வசம் வைத்துக்கொள்ள வேண்டியது என்று எழுதியிருந்தார். சர்க்கார் உத்தியோகம் என்பதால் கோர்ட்டு வாசலில் மட்டும் பயன்படுத்த உத்தரவாக வேண்டியது என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். குருக்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். அம்மாவுக்கு வரவில்லை. "நான் ஏதோ மனசு தாங்காம சொல்லிட்டேம்ப்பா, வேணாம்ப்பா" என்று கையைப் பிடித்தாளாம். தாத்தா வேலில் பொட்டலத்தைக் கட்டி முடித்து, அம்மாவைப் பார்த்துச் சிரித்து, ஒரு விரலை உதட்டில் வைத்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஊமைகள் இரண்டு பேர்.

மோர் வேண்டுமென்றால் கடைந்து காட்டுவார். கீரைக்காரியிடம் இரண்டு கையாலும் பேரம் பேசுவார், அந்த அம்மாள் கோபமாக வந்தாலும் சிரித்துவிட்டுப் போவாள். கோர்ட்டு வாசலில் இடிபோல் முழங்கிவிட்டு வருகிறவர், வீட்டுக் கதவைத் தொட்டதும் வாயைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகுவதாக எனக்கு நடித்துக் காட்டுவார். மற்றவர்கள் என்னைப் பேச வைக்கப் பார்த்தார்கள். அவர் ஒருவர்தான் நான் இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். அந்த வீட்டில் நான் தனியாக இல்லாமல் போனது அவரால்தான்.

ஒருநாள் விறகு எடுக்கப் போனவர் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு வந்தார். கண்ணை உருட்டினார், முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஆடினார். இதுவும் ஒரு கூத்து என்று நான் கை கொட்டினேன். அப்பாகூடச் சிரித்தார். அம்மாதான் காலைப் பார்த்தாள், தேள் கொட்டி வீங்கியிருந்தது. அம்மா அலறிக்கொண்டு ஓடினாள், அவர் ஒரு முனகல்கூட விடவில்லை. கட்டுப் போட்டுப் படுக்கவைத்தபோது, நான் பயந்துவிட்டேனோ என்று என்னைப் பார்த்து மூக்கைச் சுளித்துக் காட்டினார். வலியில்கூட வாயைத் திறக்காத ஒரு மனிதரை நான் அதற்குப் பிறகு எங்கேயும் பார்த்ததில்லை.

ஸ்கூல் திறக்கச் சில நாட்களே இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. தரையில் கட்டம் போட்டுத் தாயம் ஆடிக்கொண்டிருந்தோம். எப்போதும்போல நான்தான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். என் மூக்கறுந்த பொம்மை உள்ளே ஏற ஒரு கட்டம்தான் பாக்கி. தாத்தா கட்டையை உருட்டினார். மூன்று விழுந்தது. தன் பொம்மையை எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்தவர், நிற்காமல் நான்காவது கட்டத்துக்கும் நகர்த்தி, அங்கே நின்ற என் காயை வெட்டி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

என்னால் நம்பமுடியவில்லை. எனக்காகவே தோற்கிற தாத்தா. கட்டையைக் காட்டினேன், மூன்று விரலைக் காட்டினேன். அவர் நான்கு விரலைக் காட்டினார். மறுபடியும் காட்டினேன். அவர் மேலே பார்த்துக்கொண்டு தாடையைச் சொறிந்தார். கட்டத்தின் மேல் ஓங்கி அடித்தேன்.

"கள்ளாட்டம்."

அடுப்படியில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. எனக்கு அது எதுவும் பெரிதாகப் படவில்லை. "மூணுதான் விழுந்துது. தாத்தா கள்ளாட்டம் ஆடுறாரும்மா" என்று கத்தினேன். அம்மா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். தாத்தா மட்டும் நான்கு விரலை இறக்கவே இல்லை. "பேசுங்கப்பா, அதான் பேசிட்டாளே, நீங்களும் ஒரு வார்த்தை பேசுங்க" என்று அம்மா அவரை உலுக்கினாள். அவர் தலையை ஆட்டினார். பிராது இன்னும் வேலில்தான் இருந்தது.

அப்படியே என்னைத் தூக்கிச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்தார். மணவாளநல்லூர் ரோடு முழுக்க நான் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். மூணுக்கு மூணு வைக்கணும், காயைத் திருப்பிக் குடு, இனிமே உன்கூட ஆடமாட்டேன். சைக்கிளை மிதித்தபடி ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை மட்டும் ஆட்டினார். என் உச்சந்தலையில் சொட்டுச் சொட்டாக விழுந்ததை நான் வேர்வை என்று நினைத்துத் துடைத்துக்கொண்டேன்.

கோயிலில் குருக்கள் என்ன விஷயம் என்று கேட்டார். தாத்தா தன் வாயைக் காட்டினார், பிறகு என்னைக் காட்டினார்.

"தாத்தா என்னைக் கள்ளாட்டம் ஆடி வெட்டிட்டாரு" என்றேன்.

குருக்கள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நேரே வேல் பக்கம் போனார். பொட்டலத்தை அவிழ்த்துச் சாமி காலில் வைத்துவிட்டு வந்து, "ராஜினாமா ஆச்சு. பேசுங்கோ" என்றார்.

தாத்தா என் எதிரில் குந்தி உட்கார்ந்தார். டீக்கடை வரைக்கும் எட்டுகிற அந்தக் குரலுக்காக நான் காத்திருந்தேன். வந்தது எனக்கு மட்டும்தான் கேட்டது.

"ஆமா பாப்பா. தாத்தா கள்ளாட்டந்தான் ஆடுனேன்."

"அப்ப வெட்டுனது?"

"செல்லாது. ஒங்காயி அங்கியேதான் இருக்குது" என்றார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.