சித்தப்பா திருப்பிக் கொடுத்த நாடு

கத்தரிக்கோலின் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. லண்டனில் மலேசியத் தூதரகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, சித்தப்பாவின் சிவப்புக் கடவுச்சீட்டின் முனையை வெட்டினார். அட்டை தடிப்பு என்பதால் இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது. வெட்டுவதற்கு முன், நன்றாக யோசித்துவிட்டீர்களா என்று மலாயில் கேட்டார். சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவரும் அதிகாரியிடம் தலையாட்டினார்.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துப் பினாங்கில் பிறந்தவர். நாடு விடுதலையான அன்று தாத்தா அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு திடலுக்குப் போய், தொண்டை கட்டும்வரை 'மெர்டேக்கா', விடுதலை, என்று மலாயில் கத்தினாராம். அதே தாத்தா அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், பழைய அரசாங்கத்தின் முத்திரை குத்திய பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை பிஸ்கட் டின்னில் போட்டு, துணிகளுக்கு அடியில் பத்திரப்படுத்தினார். எதற்கும் இருக்கட்டும் என்றாராம். அப்பா இதைச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

இப்போது சிரிப்பு வருவதில்லை. எங்கள் நாடு எங்களுக்கு என்று ஊர் ஊராக மக்கள் எழுந்து நின்றபோது, பெரிய பெரிய சாம்ராஜ்யங்கள் மூட்டை கட்டின. அது நியாயம். இன்னொருவனுக்குக் கீழே எத்தனை காலம்தான் கிடப்பது? ஆனால் புதிய நாடு ஒவ்வொன்றும் கோடு போட்டு, நீ உள்ளேயா வெளியேயா என்று கேட்டது. அந்தக் கோட்டின்மேல் நின்றவர்களைப் பற்றி யாருக்கும் பெரிய கவலை இல்லை. பினாங்கில் பிறந்த பலருக்கு மலேசியக் குடியுரிமையோடு பிரிட்டிஷ் கடவுச்சீட்டு ஒன்றும் வாங்க வழி இருந்தது. அட்டையில் பிரிட்டிஷ் என்று போட்டிருக்கும். பிரிட்டனில் வந்து குடியிருக்க மட்டும் உதவாது. சாம்ராஜ்யம் போய்விட்டது, அதன் காகிதம் போகவில்லை.

பினாங்கில் நடத்திய கடை படுத்துப்போய், மனைவியையும் பத்து வயது மகளையும் விட்டுவிட்டு சித்தப்பா லண்டன் வந்தபோது, அந்தக் காகிதத்தையும் கொண்டுவந்தார். நான் அப்போது படிப்பை முடித்து நல்ல வேலையில் சேர்ந்து, மனோர் பார்க்கில் தனி வீடு எடுத்திருந்தேன். என் ஆங்கிலத்தின்மேல் எனக்குத் தலைகால் புரியாத கர்வம். சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். இத்தகைய கடவுச்சீட்டு உள்ளவருக்கு வேறு எந்த நாடும் இல்லையென்றால் முழுக் குடியுரிமை கேட்கலாம் என்று இருந்தது. வழி கிடைத்துவிட்டது என்று குதித்தேன். மலேசியக் குடியுரிமையைத் துறக்கும் கடிதத்தை அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். "நீ படிச்சவன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சித்தப்பா கையெழுத்துப் போட்டார். அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே, தன் நாட்டைத் தானே துறந்தவருக்கு இது பொருந்தாது என்றும் இருந்தது. அதை நான் படிக்கவில்லை.

மறுப்புக் கடிதம் வந்தபோது அதையும் நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். மலேசியா அவரைத் திரும்ப ஏற்கவில்லை. இங்கே வேலை செய்ய அனுமதி இல்லை. வெளியே போனால் திரும்பி வர முடியாது, போகிற இடத்தில் உள்ளே விடுவார்களா என்பதும் தெரியாது. சித்தப்பா என்னைத் திட்டவில்லை. கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, "கோப்பி போடட்டுமா?" என்று கேட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

என் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூசி, தினமும் முருகன் கோயில் சமையற்கட்டுக்குப் போய் காய் நறுக்கிக் கொடுப்பார். அங்கே கூட நின்று நறுக்கிய யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், கதை முழுவதையும் கேட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாராம். "அண்ணை, நாங்கள் நாடொண்டு வேணுமெண்டு கேட்டு எல்லாத்தையும் இழந்திட்டு வந்து நிக்கிறம். நீங்கள் இருந்த நாட்டைக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திட்டு வந்து நிக்கிறியள்." அன்று வீட்டுக்கு வந்து சித்தப்பா இதை அப்படியே நடித்துக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் எழுந்துபோய்ப் பாத்திரங்களைக் கழுவினார்.

மகளின் கல்யாண வரவேற்பு பினாங்கில் மாலை நடந்தபோது இங்கே மதியம். கோயிலில் அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. என் கைப்பேசியில் மகளை மாலையும் கழுத்துமாகப் பார்த்தார். எல்லோரும் வரிசையாக வந்து கையாட்டினார்கள். மகள் மட்டும், "எப்பப்பா வருவீங்க?" என்றாள். "வந்துடுவேம்மா. பேப்பர் ஒண்ணு பாக்கி இருக்கு, அவ்வளவுதான்" என்று கைப்பேசியை என்னிடம் நீட்டிவிட்டு, சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டார். யாருக்கு ஊற்றினார், எத்தனை தடவை ஊற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அந்தப் பேப்பர் வரவே இல்லை.

போன மாசியில் சித்தப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். இங்கே வந்து இருபது வருடம் ஆகப்போகிறது என்று முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். அஸ்தியை நானே பினாங்குக்குக் கொண்டுபோனேன். எனக்கு இன்னும் மலேசியக் கடவுச்சீட்டுதான். பிரிட்டிஷ் குடியுரிமை கேட்க எனக்குத் தகுதி இருந்தும், அவர் இருந்தவரை விண்ணப்பப் படிவத்தைத் தொட மனம் வரவில்லை. விமான நிலையத்தில் அதிகாரி தகனச் சான்றிதழைப் பார்த்துவிட்டுப் பெட்டியை உள்ளே விட்டார். சித்தப்பா எந்த நாட்டவர் என்று யாரும் கேட்கவில்லை.

வழி முழுக்க ஒன்றைத்தான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். எல்லாம் என்னால் வந்தது என்று சித்தியிடமும் தங்கையிடமும் சொல்லிவிட வேண்டும். கடலில் கரைத்துவிட்டு ஈரத்தோடு திரும்பியதும் வாயைத் திறந்தேன். அதற்குள் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, அப்பா எப்பவும் சொல்லுவாரு. அந்தக் கடிதம் எழுத வேணாம், எழுத வேணாம்னு நீங்க ஒருத்தர்தான் தடுத்தீங்களாம். அவர்தான் பிடிவாதமா எழுதிக் கொடுத்தாராம்."

சித்தி தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தாள். தங்கை என் கையை விடவில்லை. ஆமாம் என்று நான் சொன்னேன்.