காலை ரயிலை நிறுத்துக!

எனக்குப் பஸ் என்றால் பயம். புளியறைப் பக்கம் ஒரு வளைவில் நான் போன பஸ் பள்ளத்தில் சாய்ந்த நாளிலிருந்து, ஹாரன் சத்தம் கேட்டாலே உள்ளங்கை ஈரமாகிவிடும். எனக்கு வேலையோ திருநெல்வேலியில், ஒரு லேபில் ரத்தம் எடுப்பது. "ஊருக்கெல்லாம் ஊசி குத்துதவளுக்குப் பஸ்ஸைக் கண்டா நடுக்கமாம்" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும், பள்ளத்தில் கிடந்தது அவர் இல்லையே.

எங்கள் சின்ன ஸ்டேஷனில் காலை ரயில் நின்றதால்தான் என் பிழைப்பு ஓடியது. ஏறுகிற ஆட்கள் குறைவு, அடுத்த மாதத்திலிருந்து அங்கே நிற்காது என்று பேச்சு வந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தென்காசிக்குப் போய் ஏறலாம் என்றால், அதற்கும் பஸ்தான்.

கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சொல்லி, ரயில்வேக்கு மனு எழுதும் வேலையை ஊர்க்காரர்கள் என் தலையில் கட்டினார்கள். "காலை ரயில் எங்கள் ஸ்டேஷனில் எப்போதும்போல் நின்று செல்ல ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதினேன். எங்களுக்கெல்லாம் தலைவராக நின்றவர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணாச்சி. அவருக்கு அது பிடிக்கவில்லை.

"ஏம்மா, கெஞ்சுத மாதிரில்லா இருக்கு? இம்புட்டு நீளமா எழுதுனா எவன் வாசிப்பான்? ஆர்டர் மாதிரி நறுக்குன்னு இருக்கணும்."

அவர் சொன்னபடியே கொட்டை எழுத்தில் எழுதினேன்: "காலை ரயிலை நிறுத்துக!" குற்றாலத்தில் சீசன் நேரம், எங்கள் ஊரிலும் சாரல் விடவில்லை. தாளை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினோம்.

தபாலில் போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான், என்னோடு தினமும் ரயிலில் வரும் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். "ஏட்டி, நிறுத்துகன்னா என்ன? இங்கன நிக்கணும்னா, இல்ல ஓடவே வேண்டாம்னா?"

அண்ணாச்சியிடம் ஓடினேன். "அவங்களுக்குப் புரியாதாம்மா?" என்றார். ஆனால் மீசையை நீவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நாங்கள் கையால் கெட்டோம்.

அன்றைக்கே விளக்கி இன்னொரு மனு அனுப்பினோம். பிறகு ஒரு பதில் வந்தது. அது முதல் மனுவுக்கா, இரண்டாவதற்கா என்று தெரியவில்லை. ஒரே வரி. "தங்கள் கோரிக்கையின்படி, காலை ரயில் வரும் ஒன்றாம் தேதி முதல் நிறுத்தப்படும்."

ஊரில் லட்டு கொடுத்தார்கள். என் பங்கை நான் தாளில் மடித்து வைத்துவிட்டேன். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று ரயில்வே ஆபீசுக்குப் போன் செய்தால் எடுப்பார் இல்லை. ஒன்றாம் தேதிவரை ஒவ்வொரு நாளும் காலண்டரைப் பார்க்கவே பயந்தேன்.

அன்று காலை பிளாட்பாரத்தில் எல்லார் கண்ணும் தண்டவாளத்தில்தான். அண்ணாச்சி விறைப்பாக நின்றார், உதடு மட்டும் எதையோ முணுமுணுத்தது. ரயில்வே கேட் மூடும் மணி அடித்தது. ஓடவே ஓடாது என்ற பயம் போயிற்று. ஆனால் தூரத்தில் தெரிந்த ரயில் வேகம் குறைக்கிற மாதிரியே இல்லை.

பிரேக் கிரீச்சிட்டது. எப்படி ஏறினேன் என்று தெரியாது. வாசல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

"அதான் ஏறியாச்சுல்லா, இன்னும் எதுக்குட்டி நடுங்குதே?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"வண்டி நின்னுட்டுல்லா" என்றேன்.

சொன்ன பிறகுதான் 'நின்னுட்டு' என்ற சொல்லின் இன்னொரு அர்த்தம் என் காதில் விழுந்தது. வண்டி கிளம்பும்வரை நான் கம்பியை விடவில்லை.