பாதி முகம் இருட்டில்

மொன்ட்ரியாலில் தமிழர் வீட்டுக் கலியாணம், பெண் பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்தியவீடு, எதற்குப் போனாலும் இரண்டு பேர் உங்கள் பார்வையை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். போட்டோ எடுப்பவன் அல்பேட். வீடியோ எடுப்பவன் நான், ஸ்ரீதரன். திட்டுவதென்றால் அவனைத் திட்டுங்கள், முன்னுக்கு நிற்பவன் அவன்தான்.

அல்பேட் ஊரில், பாசையூர் என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவன். இங்கே வந்து, டவுன்டவுன் உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டே கமரா பழகினான். எங்கள் தாய்மார்தான் அவனுக்குக் குருமார். "தம்பி, பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ" என்பது வீட்டுக்கு வீடு ஓதப்பட்ட மந்திரம். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற சனம் நாங்கள். அவனும் நாலு பக்கமும் வெளிச்சத்தைக் கொட்டி எடுத்து, மிச்சத்தைக் கம்பியூட்டரில் வெளுத்துக் கொடுத்தான். பெயர் பரவியது. ரொக்ஸ்பரோவில் கராஜோடு ஒரு வீடும் வாங்கினான்.

மகள் றொசானாவின் சாமத்திய அல்பத்தையும் அப்படித்தான் செய்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இவன் தன் குஞ்சைக் கொக்காகவே ஆக்கிவிட்டான். அந்தப் பிள்ளை அல்பத்தைத் திறந்து பார்த்தாள், மூடி வைத்தாள். அதற்குப் பிறகு தகப்பன் கமராவைத் தூக்கினால் அறையை விட்டே போய்விடுவாள். வெட்கமாக்கும் என்று நினைத்தோம்.

இந்த வருடம் அவளுக்குக் கலியாணம் நிச்சயமானது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் என் முன்னாலேயே சொன்னாள்.

"அப்பா, படம் எடுக்க நான் ஒரு கியூபெக் ஆளைப் பிடிச்சிட்டன். நீங்க அப்பாவா மட்டும் வாங்கோ. கமரா வேண்டாம்."

"ஏன் பிள்ளை?"

"அந்த அல்பத்தில இருக்கிறது நான் இல்லை."

ஊரார் பிள்ளைகளை எல்லாம் படம் எடுத்தவன், சொந்தப் பிள்ளையின் கலியாணத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அல்பேட் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது.

சில வாரங்களில், ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பழைய சாமான் விற்கிறார்கள் என்று போனோம். அல்பேட் பழைய ஸ்டூடியோ விளக்கொன்றை எடுத்தான். இதையும் கொண்டு போ என்று ஒரு பெட்டியை அவன் தலையில் கட்டிவிட்டார்கள். எப்போதோ இங்கே தியேட்டர் நடத்திய ஒருவருடைய பெட்டியாம். உள்ளே முழுக்க அந்தக் காலத்து அமெரிக்க நடிகர் நடிகைகளின் கறுப்பு வெள்ளைப் படங்கள். படக் கம்பனிகள் விளம்பரத்துக்காக எடுப்பித்து அனுப்பியவை. ஒருவர் பெயரும் எங்களுக்குத் தெரியாது.

கராஜில் மேசைமேல் பரப்பினோம். நான் வாயடைத்துப் போனேன். அது லேசில் நடக்கிற காரியம் இல்லை. ஒருத்தியின் பாதி முகம் அப்படியே இருட்டில் கிடந்தது. மறுபாதியில் கன்னத்தின் மேட்டில் மட்டும் வெளிச்சம். இன்னொருவன் கறுப்புக் கோட்டோடு கறுப்புச் சுவருக்கு முன்னால் நிற்கிறான். பின்னாலிருந்து வந்த மெல்லிய ஒளிக் கோடு ஒன்றுதான் அவனைச் சுவரிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. எத்தனையோ காலத்துப் பழைய காகிதம், ஆனால் அவர்கள் மூச்சு விடுவது போலிருந்தது.

"பார் மச்சான், பாதி முகத்தை இருட்டில விட்டிருக்கிறான்," என்றான் அல்பேட். "நான் விட்டா தாய்மார் என்னை உயிரோட விடுவினமே?"

பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து ஒருத்தியின் கண்ணில் வைத்தான். கருமணிக்குள் சின்ன வெள்ளைப் புள்ளி ஒன்று.

"இதுதான் லைட். இந்தப் பக்கத்தில, தலைக்கு மேல நிண்டிருக்கு."

ஒவ்வொரு படத்திலும் கண்ணைப் பார்த்தே விளக்கு நின்ற இடத்தைச் சொன்னான். செத்துப்போன யாரோ ஒருவன் வைத்த விளக்கு அந்தக் கண்களுக்குள் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

பரீட்சித்துப் பார்க்க அவனுக்கு ஓர் ஆள் வேண்டும். கதிரையில் என்னை இருத்தினான். நான் அண்டங்காகக் கறுப்பு, என் மனைவியே என்னை இரண்டாம் தரம் பார்ப்பதில்லை. ஒற்றை விளக்கை வைத்து எடுத்து, ஒரு சொட்டும் வெளுக்காமல் அச்சடித்து, அந்த அமெரிக்கப் படங்களோடு சேர்த்துச் சுவரில் ஒட்டினான். அதிலிருந்தவன் நான்தான். ஆனால் அந்த ஆளிடம் போய் ஒரு உதவி கேட்க எனக்கே பயமாக இருக்கும், அவ்வளவு கம்பீரம்.

"எங்கட தோலில வெளிச்சம் எப்பிடி ஏறி நிக்குது, பாத்தியே," என்றான் அல்பேட். "இவ்வளவு காலமும் நான் இதை அழிச்சுக்கொண்டெல்லே இருந்திருக்கிறன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் அல்பேட்டும் கராஜில் இருக்க, அழைப்பிதழ் கட்டு எடுக்க றொசானா உள்ளே வந்தாள். சுவரைப் பார்த்ததும் சிரித்தாள்.

"ஸ்ரீ மாமா, நீங்களும் ஹொலிவூட்டே?"

கிட்டப் போனாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"இது அப்பா எடுத்ததே?"

"ஓம்," என்றேன்.

"உங்களை வெள்ளையாக்கேல்லை."

"இல்லை. கொப்பர் இப்ப அதை விட்டிட்டார்."

ஏதாவது கேட்டால் அவள் போய்விடுவாளோ என்ற பயம் அல்பேட்டின் முகத்தில் தெரிந்தது. அவள் தானாகவே கதிரையில் போய் இருந்தாள்.

"ஒண்டு எடுங்கோ. ஒண்டே ஒண்டு."

அவன் விளக்கை உயர்த்தினான், கொஞ்சம் இறக்கினான், ஒரு பக்கம் தள்ளி வைத்தான். அவளுடைய கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு தரம்தான் பொத்தானை அமத்தினான். கமராவை அப்படியே அவள் கையில் கொடுத்தான்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "இது நான்," என்று பிரெஞ்சில் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு தகப்பனை நிமிர்ந்து பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"கலியாணத்துக்கு அந்தாள் வரட்டும், சொல்லியாச்சு. ஆனா நான் உடுத்து வெளிக்கிட்ட உடன முதல் படம் நீங்க எடுங்கோ. வேற ஒருத்தரும் என்னைப் பாக்க முதல்."

கமராவைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் வாங்கியதும் கண்ணில் வைத்துக்கொண்டான். எடுப்பதற்கு ஒன்றுமில்லை, விரலும் பொத்தானில் இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. றொசானா எழும்பவில்லை. அவன் அதை இறக்கும்வரை கமராவையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.