மாஸ்டருக்குப் பதிலாக மச்சினன் நாக்கு

நெஞ்செரிச்சல் மாத்திரையைக் கடைவாயில் அடக்கிக்கொண்டுதான் மாஸ்டர் அடுப்பைப் பற்றவைப்பார். குனியமாட்டார், முழங்காலை மடக்கி உட்கார்ந்துதான் தீயைப் பார்ப்பார். குனிந்தால் புளித்த நீர் தொண்டைக்கு ஏறிவிடும். இரவில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து, பஸ்ஸில் தூங்குகிற மாதிரி தூங்குகிறார் என்று அவர் மனைவி சொல்கிறார்.

எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் அவர் கைப்பக்குவத்துக்குத் தனி மதிப்பு. ஆனால் பித்தப்பையில் கல் என்று தெரிந்ததிலிருந்து எண்ணெயும் காரமும் அவர் நாக்கில் படக்கூடாது. ஊருக்கெல்லாம் வறுத்துப் போட்டுவிட்டு வேகவைத்த காயைத் தின்கிறார். உப்பு, காரம் பார்ப்பது அவருடைய மச்சினன். இரண்டாவது சமையல்காரர், நாற்பது வயது, கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு.

"எப்படிடா இருக்கு கோழி வறுவல்?"

"சூப்பர் மாமா."

"சூப்பர்னா என்னடா அர்த்தம்? ஓரம் மொறுமொறுன்னு இருக்கா? உள்ள சாறு நிக்குதா? வாயத் தொறந்து சொல்லேன்!"

"முழுங்கவாவது விடுங்க மாமா."

அந்தத் தொண்டை ஏறி இறங்குவதை மாஸ்டர் பார்க்கும் பார்வை இருக்கிறதே! சொத்தைப் பிடுங்கிக்கொண்டவனைக்கூட யாரும் அப்படிப் பார்க்கமாட்டார்கள். "பாருங்க சார், ஒரு ஏப்பம்கூட வரல. கொடுத்து வச்ச பய" என்று என்னிடம் பொருமுவார்.

ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகப்போகிறது. மாஸ்டர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். கத்திக்குப் பயந்து அல்ல. "நான் போய்ப் படுத்தா கரண்டி யார் கைக்குப் போகும்? எல்லாம் எனக்குத் தெரியும் சார்." மச்சினன் வைக்கும் குழம்பை முதலாளி இப்போதே புகழ ஆரம்பித்துவிட்டார். எனக்கும் அது பிடித்திருக்கிறது. மாஸ்டரிடம் சொல்லத்தான் தைரியமில்லை.

போன வாரம் சமையலுக்கு நடுவே வலது விலாவுக்குக் கீழே வலி பிடித்து, மாஸ்டர் சுவரோடு சரிந்தார். இனி ஒரு நாள்கூடத் தள்ள முடியாது, உடனே கொண்டுவந்து சேருங்கள் என்று டாக்டர் போனில் கத்தினாராம். தகவல் தெரிந்து மனைவி வீட்டிலிருந்து ஓடிவந்து தாங்கிக்கொண்டார். "குழம்பு ஆயிடுச்சு மாமா, பரிமாறுறத நான் பாத்துக்கறேன். நீங்க கிளம்புங்க" என்று சொல்லிவிட்டு, வண்டி பிடிக்க மச்சினன் வாசலுக்கு ஓடினார்.

மனைவியின் தோளைப் பிடித்து நடந்த மாஸ்டர் மச்சினனின் குழம்புக்கு முன்னால் நின்றுவிட்டார். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினார். கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

"பாவி, சரியா வச்சிருக்கான்."

பிறகு ஒரு பிடி உப்பை அள்ளி அதில் போட்டு, நன்றாகக் கலக்கிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.