காத்து ஒத்துக்கல

கல்யாணமான முதல் கோடையிலேயே என் மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. "எனக்கு இந்த வூட்டு காத்து ஒத்துக்கலங்க" என்றாள். செங்கம் பஸ் ஸ்டாண்டுக்கு நானே கூட்டிப்போய் ஜன்னலோர சீட் பிடித்து ஏற்றிவிட்டேன். பதினைந்து நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஒன்றரை மாதம் ஆகியும் வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்களுக்குச் செங்கத்தில் ரைஸ் மில். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, அப்பா புதிதாகக் காங்கிரீட் வீடு கட்டியிருந்தார். அப்பாவுக்கு ஓர் அறை, அம்மாவுக்கு ஓர் அறை, எங்களுக்கு ஒன்று, வருகிற விருந்தாளிக்கு ஒன்று என்று நான்கு அறைகள். சித்திரை பிறந்தால் அந்தத் தளத்துக்குக் கீழே உட்கார முடியாது. அவளோ ஜமுனாமரத்தூரில் பிறந்து வளர்ந்தவள். என் மாமனார் அடிவாரத்து ஆள்தான். இளவயதிலேயே ஜவ்வாது மலையேறி மளிகைக்கடை போட்டு அங்கேயே தங்கிவிட்டவர். மலைக்காற்றில் வளர்ந்த உடம்பு இந்த வெக்கையை எப்படித் தாங்கும்? விஷயம் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எனக்கு எல்லாமே சட்டென்று புரிந்துவிடும், அதுதான் என் கோளாறு.

மில் மோட்டாருக்குச் சாமான் வாங்க மெட்ராஸ் போயிருந்தபோது ஓர் ஓட்டலைப் பார்த்தேன். கட்டடம் முழுக்கக் குளிர்ந்து கிடந்தது. அறைக்கு அறை மெஷின் இல்லை; சுவரின் மேலே கம்பி வலை வைத்த ஓட்டை, அதிலிருந்து காற்று. அங்கிருந்த மெக்கானிக்குக்கு டீ வாங்கிக் கொடுத்து அவர் உயிரை எடுத்தேன். அவர் என் டைரியில் இரண்டு படம் போட்டுக் கொடுத்தார். ஒன்று நிஜ ஏசி: பின்பக்கம் கம்ப்ரசர், அங்கிருந்து தகரக் குழாய் வழியாக நான்கு அறைக்கும் குளிர். இன்னொன்று தண்ணீர்க் கூலர்: மொட்டை மாடியில் பெரிய தகரப் பெட்டி, மூன்று பக்கமும் நனைந்த வெட்டிவேர்த் தட்டி, நடுவில் பெரிய விசிறி, குழாய் அதேதான். முதலாவது கரண்டைக் குடிக்கும், இரண்டாவது தண்ணீரைக் குடிக்கும் என்றார்.

அப்பா ஏசியே போடலாம் என்றார். ஊரில் யார் வீட்டிலும் இல்லை என்பதுதான் அவருக்குக் காரணம். "பொண்டாட்டிக்கு ஊட்டி கட்றானாம்" என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அனுபவிக்கப் போகிறவளையே கேட்டுவிடலாம் என்று டைரியோடு பஸ் ஏறினேன். மேலே போகப் போக முகத்தில் அடித்த காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. அந்தக் காற்றின் மேல் எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

கடைக்குப் பின்னால் ஒரே அறைதான் அவர்கள் வீடு. அடுப்பு, பாய், புளி மூட்டை எல்லாம் அதற்குள். அவள் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். பார்க்க சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. மூட்டைமேல் டைரியை விரித்து, இரண்டு படத்தையும் விளக்கினேன்.

"வூட்ட குளிர வெக்க மெஷினா?" என்று மாமனார் சிரித்தார். "நாங்க மார்கழில சூடு பண்ண வழி தெரியாம கெடக்கிறோம் மாப்ள!"

அவள் சிரிக்கவில்லை. முதல் படத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இது ஓடசொல்ல கதவு?"

"இறுக்கி சாத்திடணும். ஒரு இடுக்கு விடக்கூடாது, குளிரு ஓடிடும்."

"இது?" விரல் இரண்டாவது படத்துக்குப் போனது.

"அதான் அதுல ஒரு கொற. எல்லா கதவையும் தெறந்தே வெக்கணும். வர்ற காத்து வெளிய போவலன்னா உள்ள புழுங்கும்."

"அப்ப எனக்கு இதுவே போதுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அதுல அவ்ளோ குளிரு வராதுன்றேன்! உனக்காகத்தான் மண்டைய ஒடச்சிக்கிறேன். இன்னாதான் வேணும் உனக்கு?"

மாமனார் யாரோ கூப்பிட்டதுபோல எழுந்து கடைக்குள் போய்விட்டார்.

"குளிரா கேட்டேன் நானு?" என்றாள். "நீங்க மில்லுக்கு போய்ட்டா மாமா ஒரு கதவ சாத்திக்கிறாரு, அத்த ஒரு கதவ சாத்திக்கிறாங்க. நீங்க வர்ற வரிக்கும் பேச ஆளு இல்ல. எல்லாருக்கும் போட்டுட்டு, அடுப்பங்கரைல ஒண்டியா உக்காந்தா சோறு எறங்கல. இத எப்டிங்க உங்ககிட்ட சொல்றது? அதான் காத்து ஒத்துக்கலன்னேன்."

எங்கள் பக்கத்தில் மனிதர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று யாரும் சொல்வதில்லை. தண்ணி ஒத்துக்கல, காத்து ஒத்துக்கல என்பார்கள்; கேட்கிறவருக்கு விளங்கிவிடும். ஹாஸ்டலிலிருந்து ஓடிவந்தபோது நானே அப்பாவிடம் அப்படித்தான் சொன்னேன். அதை என் மனைவி சொன்னபோது, தகரக் குழாய்க்கு அளவெடுக்கப் போயிருக்கிறேன். அவள் அழுவதற்கு முன்பே அழுதுவிட்டவன் நான்தான். இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

மாமியார் சாமைச் சோறு வடித்திருந்தார். நாலு பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்குவதை அன்றுதான் பார்த்தேன். சாப்பிட்டு முடித்ததும் அவளை வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பி வெளியே வந்து பார்த்தால், பெட்டியோடு பின்னால் நிற்கிறாள்.

கூலர் கதையையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த கோடையில் இரண்டாவது வகையைத்தான் வைத்தோம். கிர்ரென்று மில் மாதிரி சத்தம், சுமாரான குளிர், வீடெங்கும் வெட்டிவேர் வாசனை. அதன் புண்ணியத்தில் கதவை யாராலும் சாத்த முடியவில்லை.

ஆனால் அவள் திரும்பி வந்த அன்று சாயங்காலம் கூலர் ஏது? அப்பாவும் நானும் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா கரண்டியோடு நின்றாள். நான் எழுந்துபோய் இன்னொரு தட்டை எடுத்துவந்து என் பக்கத்தில் போட்டேன். "நீயும் உக்காரு" என்றேன் அவளிடம். அப்பா தட்டைவிட்டுத் தலைநிமிரவில்லை. அவள் உட்காரவும் இல்லை, நகரவும் இல்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா கரண்டியைக் குண்டானில் போட்டுவிட்டு, "அப்ப எனக்கும் ஒரு தட்டு எடும்மா" என்றாள்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. என் அம்மா இடது கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்துச் சாப்பிடுவாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.