பவளத்துக்கு விரித்த நிழல் வலை

எங்கள் வீடு இலங்கை மலையகத்துப் புசல்லாவையில். முன்னறையில் கடல்நீர்த் தொட்டி வைத்து உயிருள்ள பவளம் வளர்க்கிறேன். வீட்டு டியூப்லைட் அணைந்துபோகும் முன் அதை யாராவது மாற்றுவார்களா? தொட்டியின் இரண்டு டியூப்லைட்டையும் அப்படித்தான் இரண்டு வருடம் விட்டிருந்தேன். பளிச்சென்று எரிந்தாலும் பழைய டியூபில் பவளத்துக்கு வேண்டிய ஒளி குறைந்துவிடும் என்று கண்டியில் மீன் கடைக்காரர் சொன்னதும், வெள்ளையில் ஒன்று, நீலத்தில் ஒன்று வாங்கி, அன்றே இரண்டையும் மாற்றினேன்.

நான்காம் நாள் பச்சைப் பவளம் வெளுத்துச் சுருங்கிவிட்டது. தோட்டத்துத் தேயிலை நாற்றுமேடையில் வேலை செய்யும் என் மனைவி ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, நெழல்ல இருந்த கன்ன ஒரே நாள்ல வெயில்ல வச்சா கருகாதா? நாங்க நெழல் பந்தல கொஞ்சங் கொஞ்சமாத்தானே பிரிப்போம்."

"இது செடி இல்ல ஸ்டெல்லா, உசுரு."

"செடிக்கு மட்டும் உசுரு இல்லையா?"

நாற்றுமேடையில் கழித்துப்போட்ட நிழல் வலைத் துண்டொன்றைக் கேட்டு வாங்கிவந்து, மூன்றாக மடித்துத் டியூபுகளுக்குக் கீழே தொட்டியின் கண்ணாடி மூடிமேல் விரித்தாள். வாரம் ஒரு மடிப்பாகக் குறைத்தோம். வலையை முழுதாக எடுத்த அன்று, வெளுத்த ஓரங்களில் பச்சை திரும்பியிருந்தது.

இப்போது டியூப் மாட்டிய தேதியை அதன் நுனியிலேயே எழுதிவைக்கிறேன். வருடத்துக்கொரு தடவை, ஒன்றை மாற்றி ஒரு மாதம் விட்டுத்தான் மற்றதை மாற்றுகிறேன். வலையும் கைவசம் இருக்கிறது.

முன்பெல்லாம் தொட்டியைத் திரும்பியும் பார்க்காத ஸ்டெல்லா, வேலை விட்டு வந்ததும் வாசலிலேயே கேட்கிறாள்: "நம்ம கன்னுங்க எப்படிங்க இருக்கு?"