அடைப்புக்குறிக்குள் ஒரு சிரிப்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், மலாயாவில் லூபோக் சீனா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான் வாத்தியாராக இருந்தேன். அந்த ஆண்டு எங்கள் தமிழர் சங்கத்தின் மாநாடு மலாக்கா டவுனில் ஒரு வாடகை மண்டபத்தில் இரண்டு நாள் நடந்தது. சங்கம் ஒன்றுதான், உள்ளே கட்சி இரண்டு. புரோகிதரும் வேண்டாம், சடங்கும் வேண்டாம் என்பவர்கள் நாங்கள். கோயிலையும் விட்டால் தோட்டத்து ஜனங்களுக்கு என்னதான் இருக்கிறது என்பவர்கள் அவர்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் போல, நடுவில் பாதை விட்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம்.

மாநாட்டுச் செய்தியைப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதியனுப்பும் பொறுப்பு என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பேச்சைக் குறித்துக்கொண்டே வந்து, கை தட்டிய இடத்தில் (கரகோஷம்) என்று அடைப்புக்குறிக்குள் போடுவேன். எங்கள் ஆள் தொண்டையைச் செருமினாலே கரகோஷம்தான்.

முதல் நாள் எங்கள் தலைவர், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்று பேசினார். கை வலிக்கத் தட்டினோம். மறுநாள் மத்தியானம் எதிர்வரிசையிலிருந்து ஒருவர் மேடையேறினார். பெம்பான் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர், என் வயதுதான் இருக்கும். அவருடைய நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்ததுமே எங்கள் பக்கம் காலால் தரையைத் தட்ட ஆரம்பித்துவிட்டது.

அவரும் கள்ளுக்கடையைப் பற்றித்தான் பேசினார். அவர்கள் தோட்டத்துக் கடை, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வாசலிலேயே இருக்கிறதாம். கூடப் பிறந்த தம்பி அங்கே குடித்துவிட்டுத் திரும்பும்போது கால்வாயில் விழுந்து, முழங்கால் தண்ணீரில் செத்துப்போனான் என்றார். "ரெண்டு எட்டுல வீடு" என்று சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். மேலே வார்த்தை வரவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் ஏதோ கேலி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை மறைத்தால் இதை எழுதுவதில் அர்த்தமே இல்லை.

அவரைப் பற்றிப் பத்திரிகைக்கு நான் எழுதியது ஒரே வரி: பெம்பான் தோட்டத் தொழிலாளி ஒருவரும் ஏதோ பேசினார். (சிரிப்பு).

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அதே மனிதர் அந்தப் பத்திரிகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார். செய்தி எழுதியது நான்தான் என்று விசாரித்துக்கொண்டு, பஸ் மாறி, மிச்ச தூரத்தை நடந்தே வந்திருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. கடையை மூடச் சொல்லித் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு மனு கொடுக்க வேண்டும், ஆனால் லயத்து ஜனங்கள் கைநாட்டு வைக்கப் பயப்படுகிறார்கள், பேப்பரிலேயே வந்திருக்கிறது என்று காட்டினால் தைரியமாக வைப்பார்கள் என்றார். அவர்கள் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியிடம் காட்டினால் விஷயம் முன்கூட்டியே துரையின் காதுக்குப் போய்விடுமாம். அதனால் என்னிடமே படித்துக் கேட்டுப்போக வந்தாராம்.

பத்திரிகையை விரித்தேன். அந்த வரியைப் படிக்க எனக்கு நாக்கு எழவில்லை. இல்லாததை இருப்பதுபோல் படித்தேன். லயத்து வாசல், தம்பி, கால்வாய், முழங்கால் தண்ணீர், ரெண்டு எட்டில் இருந்த வீடு, எல்லாம் சொன்னேன். முடிவில் கரகோஷம் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது எந்த எடத்துல இருக்குதுன்னு ஒரு கோடு போட்டுக் குடுங்க வாத்தியாரே. எங்க லயத்துல எழுத்துக் கூட்டிப் படிக்கிற சின்னப் பசங்க ரெண்டு பேரு இருக்காங்க, எடத்தக் காட்டுனா படிச்சிருவாங்க."

பென்சிலை எடுத்தேன். கோடு போட அங்கே என்ன இருந்தது? பென்சிலைக் கீழே வைத்தேன். "அண்ணே, நான் படிச்சது எதுவும் இதுல இல்ல" என்று சொல்லி, இருந்த ஒரு வரியை, சிரிப்பு என்பதையும் விடாமல், படித்துக் காட்டினேன்.

திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். அவர் திட்டவில்லை.

"அப்ப நான் பேசுனது ஒண்ணுவிடாம ஒங்க காதுல விழுந்திருக்கு" என்றார். பிறகு பத்திரிகையை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்.

அன்றே உட்கார்ந்து அவருடைய பேச்சு முழுவதையும் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். பழைய செய்தி என்று போடவில்லை. அடுத்த வாரம் நானே பெம்பானுக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தேன். அவரும் இன்னும் நாலைந்து பேரும் கைநாட்டு வைத்தார்கள். மாநாட்டிலேயே சிரித்துவிட்டார்களாமே என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். நான் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்வரை அந்தக் கடை லயத்து வாசலில்தான் இருந்தது.

காதில் விழாமல் செய்த தப்பாக இருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். இன்றும் ஏதாவது கூட்டத்தில் என் பக்கத்து ஆட்கள் சிரிக்கும்போது, மேடையில் நிற்பவர் வார்த்தை வராமல்தான் நிற்கிறாரோ என்று முதலில் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கிறேன்.